மயக்கத்திற் போகும் பல்

அறுவைச் சிகிச்சைக்கென்று மருத்துவமனை புகுவோர் உயிரை எண்ணி அஞ்சுவர். பொருளை எண்ணிக் கவல்வர். பல்லை எண்ணி அஞ்சினார் ஒருவரையேனும் யான் கண்டதில்லை. யானும் அங்ஙனமே இருந்தேன், சென்ற ஆண்டு என் பாட்டியார் தம் முன்பல் ஒன்றை மயக்கத்தில் இழந்து வீடு திரும்பும் வரையில். தமிழ் பயிலும் மாணாக்கன் ஒருவன் மருத்துவத்தைக் குறித்துக் கருத்துரைக்கப் புகுவது மிகையென்று நண்பர் சிலர் நகைத்தல் கூடும். ஆயின் யான் கூறப் புகுவது மருத்துவத்தினும் மொழியைச் சார்ந்ததே மிகுதி என்பதை இக்கட்டுரையைப் பொறுமையுடன் படிப்போர் காண்பர்.

எங்கள் இல்லம் வேளச்சேரியில் உளது. முன்னாளில் ஏரியும் வயலுமாக இருந்த அவ்வூரில், இந்நாளில் நூறடிச் சாலைவழிச் செல்வோர் பல் மருத்துவ நிலையங்களின் பலகைகளை எண்ணத் தொடங்கினால் எண்ணிக்கை தவறிவிடும். அத்துணைப் பலகைகளுக்கு நடுவே வாழ்ந்தும் என் பாட்டியார் தம் பல்லை ஒருவருக்கும் காட்டினாரல்லர். அவர் தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், அறுபத்தெட்டு வயதினர். மேல்வரிசையில் இடப்புற நடுப்பல் ஈறு தேய்ந்தமையால் ஈராண்டுகளாக ஆடிக்கொண்டிருந்தது. உண்ணும்போது மறுபுறத்தால் மெல்லுவார். நகைக்கும்போது முந்தானையால் வாயை மறைப்பார். அது நாணமென்றே யாங்கள் எண்ணியிருந்தோம், பல்லென்று எண்ணவில்லை.

பித்தப்பைக் கல்லுக்காக அவரை ஒரு தனியார் மருத்துவமனையிற் சேர்த்தோம். முதல்நாள் மாலை செவிலியார் ஒருவர் ஏடும் எழுதுகோலுமாக வந்து, உண்ணும் மருந்துகள் யாவை, ஒவ்வாத மருந்து யாது என்றெல்லாம் வினவி, இறுதியில், "பாட்டி, பல்செட் ஏதாவது இருக்கா?" என்றார். பக்கத்துக் கட்டில்களில் அயலார் பலர் இருந்தனர். பாட்டியார் "இல்லை" என்றார். அவர் கூறியது முற்றிலும் உண்மையே. அவருடைய பற்கள் யாவும் அவருடையனவே. பொய்ப்பல் ஒன்றும் இலது. செவிலியார் 'இல்லை' என்று குறித்துக்கொண்டு அடுத்த கட்டிலுக்குச் சென்றார். "பல் ஏதாவது ஆடுதா?" என்று அவர் வினவியிருப்பின் அக்கதை வேறாக முடிந்திருக்கும். ஒரு சொல்லே வேறுபாடு.

மறுநாள் கண்விழித்தபோது பாட்டியார் முதலில் உணர்ந்தது வயிற்றின் வலியையன்று. நாவின் நுனி சென்று தட்டிய வெற்றிடத்தையே. பல்லைச் சிறு புட்டியொன்றில் இட்டு எங்களிடம் தந்தனர். "முன்பே ஆடிக்கொண்டிருந்த பல்தானே" என்றார் மருத்துவர். அதுவும் உண்மையே. என் மாமா கையெழுத்திட்ட நான்கு பக்க ஒப்புதற் படிவத்தை வீட்டிற்கு வந்தபின் யான் எடுத்துப் படித்தேன். மூன்றாம் பக்கத்தின் அடியில், பற்களுக்கு ஊறு நேரக்கூடும் என்னும் பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு வரி இருந்தது. ஆக, வினவியவர் வினவினார், விடையளித்தவர் பொய் கூறவில்லை, படிவத்திலும் எழுதப்பட்டிருந்தது, கையெழுத்தும் இடப்பட்டிருந்தது. பல் மட்டும் போயிற்று. யாரையும் பழித்தல் என் கருத்தன்று. இங்ஙனம் ஒருவரும் தவறு செய்யாமலே ஒரு தவறு நிகழ்வதுதான் என்னை எழுதத் தூண்டியது.

ஒரு பல் போனால் என்ன என்பார்க்கு ஒன்று சொல்வேன். எழுத்துக்களின் பிறப்பைக் கூறும் இடத்துத் தொல்காப்பியர், தகர நகரங்கள் மேற்பல்லின் அடியை நா பொருந்துதலாலும், வகரம் மேற்பல்லும் கீழிதழும் கூடுதலாலும் தோன்றும் என்பர். வகுப்பில் இதனைப் படித்தபோது தேர்வுக்குரிய செய்தியாகவே கொண்டேன். பாட்டியார் வீடு திரும்பிய அன்று என்னை நோக்கி "வா" என்று அழைத்தார். வகரம் வரவில்லை, காற்று வந்தது. முப்பதாண்டுகள் சிறுவர்க்கு உயிர்மெய் ஒலிப்பைக் கற்பித்தவர் அவர். அதன்பின் சில திங்கள்வரை அவர் தொலைபேசியில் எவரோடும் பேச இசைந்திலர்.

இனி, மயக்கத்திற்கும் பல்லுக்கும் என்ன தொடர்பு என்பதைச் சிறிது விளக்குதல் வேண்டும். யானும் இதனைப் பின்னரே அறிந்தேன். முழு மயக்கம் அளிக்கும்போது நோயாளியின் தசைகள் தளர்கின்றன. மூச்சும் அவர் வயத்ததன்று. இரைப்பையில் உள்ளது மேலெழுந்து நுரையீரலுட் புகுதலும் கூடும். ஆதலின் மருத்துவர் வாய்வழியே ஒரு குழலைக் குரல்வளையினூடே மூச்சுக்குழலுட் செலுத்துகின்றனர். குரல்வளை கண்ணுக்குத் தெரிந்தாலன்றிக் குழல் செல்லாது. அதனைக் காணும்பொருட்டு லாரிங்கோஸ்கோப் என்னும் கருவியின் உலோக நாவை உட்செலுத்தி, நோயாளியின் நாவையும் தாடையையும் மேலே தூக்குவர். இன்று பெரிதும் வழங்கும் வளைந்த அலகினை 1943ஆம் ஆண்டில் ஆக்ஸ்போர்டு நகரத்து மாக்கின்டாஷ் என்பார் வெளியிட்டார். கருவி இடக்கையிற் பிடிக்கப்படுவது. கையை முன்னும் மேலுமாக உயர்த்தித் தூக்கினால் பல்லுக்குத் துன்பமில்லை. மணிக்கட்டைப் பின்னோக்கி மடக்கினாலோ, கருவி நெம்புகோலாகி விடுகின்றது. மேல்வரிசை முன்பற்களே அதற்கு முட்டுக்கல்லாகின்றன. கிணற்றங்கரையிற் பாறை பெயர்ப்பாரைக் கண்டவர்க்கு இதற்குமேல் விளக்கம் வேண்டா. மேல்வரிசையின் இடப்புற நடுப்பல்லே பிறவற்றினும் மிகுதியாக ஊறுபடுகின்றது என்று மருத்துவ நூலார் கூறுவர். என் பாட்டியார் இழந்ததும் அதுவே.

குழலைச் செலுத்தும்போது மட்டுமன்றி, அதனை வாங்கும்போதும் இடருண்டு. மயக்கம் தெளிந்து வருவோர் தம்மை அறியாமலே வாயை இறுகக் கடிப்பர். கடைவாய்ப் பற்கள் அவ்விசையைத் தாங்க அமைந்தவை. முன்பற்களோ நறுக்கவே அமைந்தவை. முன்பற்களுக்கிடையே கடினமான குழலொன்று இருக்கையிற் கடித்தால் பல் பிளத்தல் கூடும். அதனால் கடைவாய்ப் பற்களுக்கிடையே துணிச்சுருள் ஒன்றை வைத்தல் நன்றென்பர். செலவு எவ்வளவு என்று எண்ணிப் பார்மின்: ஒரு சுருள் துணி.

இவ்விடர் அரிதென்பது மெய்யே. ஏறத்தாழ 4500 முழு மயக்கங்களில் ஒன்றிற் பல்லுக்குச் சேதம் நேர்கின்றது என்று பிரிட்டனின் அரச மயக்கவியல் மருத்துவர் கல்லூரி நோயாளிகளுக்குக் கூறுகின்றது. அமெரிக்க நாட்டு மேயோ மருத்துவமனையார் 1987 முதல் ஏறத்தாழ ஆறு இலட்சம் மயக்கங்களை ஆராய்ந்து 1999ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கும் அவ்வளவே. ஆயினும் இவ்வெண் எல்லார்க்கும் ஒன்றன்று. ஈறு தேய்ந்தோர், பல்லுக்கு உறை போட்டோர், அண்டைப்பல் இன்றித் தனித்து நிற்கும் பல்லுடையோர், வாயை அகலத் திறக்க இயலாதோர் ஆகியோர்க்கு இடர் மிகுதி. வெற்றிலை பாக்கும் பாக்குத் தூளும் மெல்லும் நம் நாட்டிற் கடைசியிற் கூறியவர் தொகை சிறிதன்று. பாக்கினாற் கன்னத்தின் உட்பூச்சு இறுகி, வாய் இரண்டு விரல் நுழையும் அளவேனும் திறவாதார் உளர். அன்னார்க்குக் குழல் செலுத்துவது மருத்துவர்க்கே ஒரு சோதனை.

வியப்பொன்று உண்டு. மயக்கம் என்னும் இவ்வரத்தை உலகிற்கு அளித்தவர் பல் மருத்துவரே. ஹார்ட்போர்டு நகரத்துப் பல் மருத்துவர் ஹொரேஸ் வெல்ஸ் 1844ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் நைட்ரஸ் ஆக்சைடு வாயுவை முகர்ந்து தம் பல்லையே பிடுங்குவித்துக் கொண்டார். அவரோடு முன்பு கூடித் தொழில் செய்த மார்ட்டன் என்னும் பல் மருத்துவர் 1846ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் பாஸ்டன் நகரில் ஈதரின் ஆற்றலைப் பலரறியக் காட்டினார். குரல்வளையை முதலிற் கண்ணாரக் கண்டு உலகிற்கு அறிவித்தவரோ மருத்துவரே அல்லர். கார்சியா என்னும் இசையாசிரியர். 1854ஆம் ஆண்டில் பல் மருத்துவர் கைக்கொள்ளும் சிறு கண்ணாடியைத் தம் தொண்டையில் வைத்து, ஞாயிற்றின் ஒளியிற் கண்டனர். இங்ஙனம் பல் மருத்துவத்தின் கடன் பட்ட ஒரு கலை பல்லையே மறத்தல் முறையோ என்று கேட்கத் தோன்றுகின்றது. கேள்வி விளையாட்டே, ஆயினும் கேட்டுவிட்டேன்.

பாஸ்டனில் ஈதர் வெளிப்பட்ட மறு ஆண்டே, 1847இல், அதே மாசச்சூசெட்ஸ் மாகாணத்தினரான சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் மருத்துவர் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். மானிப்பாயில் அவர் தமிழ் மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார்; 1867இல் இரண வைத்திய நூலொன்றைத் தமிழில் வெளியிட்டார்; 1875இல் கெமிஸ்தம் என்னும் வேதியியல் நூலும் வந்தது. அவர் வகுத்த சொற்களுட் பல இன்று வழக்கிறந்தன, அதனாற் குறையில்லை. நோயாளிக்கும் மருத்துவர்க்கும் இடையே ஒரே மொழி நிற்றல் வேண்டும் என்று அயல்நாட்டவர் ஒருவர் கருதி உழைத்து ஒன்றரை நூற்றாண்டு கடந்தபின், வேளச்சேரியில் என் மாமா தமக்கு விளங்காத ஆங்கிலத்தாளிற் கையெழுத்திடுகின்றார். தமிழ்ப் படிவம் வைத்திருப்போரும் உளர் என்பதை ஒளிக்கமாட்டேன். அத்தகைய படிவமொன்றையும் தேடிப் பிடித்துப் பார்த்தேன். அதில் 'பல்சார் அதிர்வூறு' என்றிருந்தது. தமிழ் பயிலும் எனக்கே இருமுறை படித்த பின்னரே பொருள் விளங்கிற்று! கலைச்சொல் ஆக்குவாரை யான் மதிக்கின்றேன். நாளை யானும் அவருள் ஒருவனாகக் கூடும். ஆனால் மயக்க மேசைக்கு முன்னிரவில் நிற்கும் முதியவளுக்கு வேண்டுவது கலைச்சொல் அன்று. "பல் ஏதாவது ஆடுதா? உறை போட்ட பல் உண்டா? கழற்றி மாட்டும் பல் உண்டா? வாயை எவ்வளவு திறக்க முடியும், காட்டுங்கள்." இவ்வளவே போதும். இவற்றைச் சொல்ல எந்த அகராதியும் வேண்டா.

சட்டமும் ஒருவாறு இப்பக்கமே நிற்கின்றது. பணம் பெற்றுச் செய்யும் மருத்துவம் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துள் அடங்காது என்று சென்னை உயர்நீதிமன்றம் கூறியிருந்ததை மாற்றி, அடங்கும் என்று உச்சநீதிமன்றம் 1995ஆம் ஆண்டில் சாந்தா வழக்கில் தீர்ப்பளித்தது. 2008ஆம் ஆண்டில் சமீரா கோலி வழக்கில், போதிய செய்தியை அறிந்து அளிப்பதே ஒப்புதல் என்றது. ஆனால் மிக அரிதான இடர்களை எல்லாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை என்றும் அதிலேயே கூறிற்று. நாலாயிரத்தில் ஒன்று அரிதே என்று மருத்துவர் வாதித்தல் கூடும். வாதம் செல்லட்டும். ஆடும் பல்லை உடையவர்க்கு அது அரிதான இடரன்றே. அவர்க்கு அது நாளைக் காலைச் செய்தி. யார்க்கு அரிது, யார்க்கு அரிதன்று என்பதைப் பல்லைப் பார்த்தாலன்றி எங்ஙனம் அறிவது?

பெரிய அரசு மருத்துவமனைகளில் நோயாளர் திரள் திரளாக நிற்கையில் ஒவ்வொருவர் பல்லையும் எண்ணிக்கொண்டிருக்கப் பொழுதேது என்பர் சிலர். அவர் கூற்றை யான் எளிதிற் புறக்கணியேன். அம்மருத்துவர்களின் உழைப்பைக் கண்டவன் யான். ஆயின் மயக்கம் அளிக்கும் முன் நோயாளியை அமரச்செய்து, வாயைத் திறந்து நாவை நீட்டச் சொல்லித் தொண்டை எவ்வளவு தெரிகின்றது என்று பார்க்கும் வழக்கம் யாண்டும் உளதன்றோ? அம்முறையை 1985ஆம் ஆண்டில் வகுத்து வெளியிட்டவர் இந்தியாவிற் பிறந்து பாஸ்டனிற் பணிபுரிந்த மல்லம்பட்டி என்னும் மயக்க மருத்துவர். தொண்டையைக் காணத் திறந்த வாயிற் பற்களும் தெரிகின்றன. விரலால் ஒருமுறை தொட்டுப் பார்க்க அரை நிமிடம் ஆகுமா? ஆடுவது இது, உடைந்தது இது என்று ஏட்டில் எழுதிவிட்டால், பின்னர் வரும் பூசல்களும் பெரும்பாலன ஒழியும். அது மருத்துவர்க்கும் காப்பு.

மற்றொரு சாரார், எல்லார்க்கும் குத்துச்சண்டை வீரர் அணிவது போன்ற பற்காப்பை மாட்டிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்பர். எனக்கு அது உடன்பாடன்று. சிறுத்த வாயில் அவ்வுறையும் இடத்தை அடைத்துக்கொள்ளும். குரல்வளை தெரிவது குறையும். குழல் செலுத்தும் நேரம் நீளும். வேண்டுவார்க்கு மட்டும் அது நன்று. திரையிற் குரல்வளையைக் காட்டும் கருவிகள் இந்நாளில் வந்துள்ளன. அவற்றால் நெம்பும் தேவை குறைகின்றது. அவை எல்லா ஊர்களுக்கும் எட்டவேண்டும் என்பதே என் விருப்பம். எட்டும்வரை காத்திருக்க வேண்டாதது வினா ஒன்றே. விபத்தில் அடிபட்டு மூச்சு நின்று வருவோர் திறத்து இவை ஒன்றும் பொருந்தா. அங்கு உயிர் முன், பல் பின். பல் போயினும் மருத்துவர் கையை முத்தமிடுதலே தகும்.

நம்முடைய பங்கும் உண்டு. அதனைச் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. நாணத்தால் மறைப்போர் நாமே. 2019ஆம் ஆண்டில் இங்கிலாந்தினின்று வந்த செய்தியொன்று மருத்துவ இதழில் வெளிப்பட்டது. எழுபத்திரண்டு வயது முதியவர் ஒருவர் வயிற்றுத்தோலில் இருந்த கட்டியொன்றை அகற்றுவித்துக் கொண்டார். ஆறு நாட்கள் கழித்து, விழுங்க இயலவில்லை, இருமினாற் குருதி வருகின்றது என்று முறையிட்டார். வாய் கொப்பளிக்கும் நீரும் மருந்தும் தந்து அனுப்பினர். மீண்டும் வந்தபோதே தொண்டையுள் அவருடைய பொய்ப்பற்கள் மூன்றும் அவற்றைத் தாங்கிய உலோகத் தட்டும் சிக்கியிருந்தமை தெரிந்தது. மயக்கத்திற்கு முன் அவற்றைக் கழற்றுவார் இலர். அங்கும் அவ்வாறே என்றால் இங்குக் கேட்கவும் வேண்டுமோ? முதல்நாளே பல்லைக் கழற்றித் தட்டில் வைக்கச் சொல்லி, உறவினர் முன்னும் அயலார் முன்னும் பொக்கை வாயோடு கிடக்கச் செய்தால் எவர்தாம் ஒளிக்கமாட்டார்? அறுவை அறையின் வாயில்வரை அணிந்திருக்க இசைந்து, அங்கே மறைவாக வாங்கிப் பெயரெழுதி வைக்கும் மருத்துவரும் உளர். அஃதே நல்ல வழக்கமென்று எனக்குத் தோன்றுகின்றது. நாணத்தை நகையாடி நீக்க இயலாது; இடங்கொடுத்தே நீக்கவேண்டும்.

நாட்குறித்துச் செய்யும் அறுவையாயின், ஆடும் பல்லைச் சில வாரங்களுக்கு முன்பே பல் மருத்துவரிடம் காட்டிவிடலாம். நிறுத்தக் கூடியதை நிறுத்துவர். நிற்காததை நம் அறிவோடு, நம் இசைவோடு எடுப்பர். பொருள் இல்லாதார்க்கு 1953ஆம் ஆண்டில் தொடங்கிய அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உளது. வேளச்சேரியில் இரயிலேறிக் கோட்டை நிலையத்தில் இறங்கினால் நடக்கும் தொலைவே. மீறிப் பல் விழுந்துவிட்டாலும், செய்யத்தக்கன உள. விழுந்த பல்லைத் தேடிக் காணல் வேண்டும். காணவில்லையெனின் அது மூச்சுக்குழலுட் சென்றதோ என்று எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கவேண்டும். நல்ல வேருடைய நிலைப்பல் ஆயின், வேரைத் தொடாமல் தலைப்பகுதியைப் பற்றி எடுத்துப் பாலில் இட்டு, ஒரு மணி நேரத்துள் மீண்டும் பொருத்துவித்தல் கூடும். பாற்பல்லை அங்ஙனம் பொருத்துதல் இல்லை. என் பாட்டியாரின் பல் உலர்ந்த புட்டியில் ஒரு பகலெல்லாம் கிடந்தது. ஈறு தேய்ந்த அப்பல் பாலில் இருந்தாலும் நின்றிராது என்று பின்னர்க் கேட்டறிந்தேன்.

பாட்டியார்க்கு இப்பொழுது புதுப்பல் கட்டியாயிற்று. வகரம் முழுவதும் திரும்பவில்லை, முக்காலும் திரும்பிற்று. அவர் கூற யான் மேற்சொன்ன வினாக்களைப் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கின்றேன். தெருவில் எவரேனும் மருத்துவமனைக்குப் புறப்பட்டால் அவரே அதனைக் கொண்டுபோய்க் கொடுத்து வருகின்றார். சென்ற மார்கழியில் அடுத்த வீட்டுச் சிறுவனுக்குத் தொண்டைச் சதை எடுக்க நாள் குறித்தனர். அவனுக்கு ஏழு வயது. தாயார் அத்தாளை நீட்டிய உடனே மயக்க மருத்துவர் நகைத்து, அவனை நோக்கி, "பல் ஏதாவது ஆடுதா?" என்றார். நம் முதியோர் மறைக்கும் அதனை அவன் பெருமிதத்தோடு இழுத்துக் காட்டினான்: கீழ்வரிசை முன்பல் ஒன்று நூலிழையில் தொங்கிக்கொண்டிருந்தது. தாயாரின் இசைவு பெற்று, அவன் உறங்கியபின் குழல் செலுத்தும் முன்பே அதனை எடுத்துவிட்டனர். வீடு திரும்பிய சிறுவன் தொண்டை வலியையும் பொருட்படுத்தாது, மருந்துப் புட்டியிலிட்ட அப்பல்லைத் தெரு முழுவதும் காட்டி வந்தான், எங்கள் வாயிலில் நின்று பாட்டியாரிடம் அதனைக் கொடுத்து, "உங்க பல்லும் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டான். அவர் உள்ளே சென்று தம்முடையதைக் கொண்டுவந்தார்.